முருங்கைக்கீரை கண்டக்டரின் வலது கால்

பயணியின் கண் இமையைப் பார்த்த பிறகே டிக்கெட் கிழித்த கண்டக்டர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் பஸ்ஸில் அவருக்குப் பெயர் முருங்கைக்கீரை.

“கீழ் எமைய இழுத்துக் காட்டுங்க தாயி. வெளுத்துக் கெடக்கு. ரத்தம் இல்ல. முருங்கக்கீரை தின்னுங்க.” தலை சுற்றுகிறவருக்கும் கீரை, கால் மரத்துப்போனவருக்கும் கீரை. ஒருவர், “எனக்கு ரத்தக் கொதிப்புல்லா இருக்கு?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அப்ப பாதிக் கீரை,” என்றார்.

அவர் சொன்னதில் பலித்தது என் விஷயம் ஒன்றுதான். ஆபீஸ் மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறதே என்று பரிசோதித்தால் ரத்தசோகை. தேறியது டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையில். பெருமை முழுக்கக் கீரைக்கென்று பஸ் பூராவும் தமுக்கடித்துவிட்டார் மனுஷன்.

போன வருஷம் ஒரு காலையில் நொண்டிக்கொண்டு வந்தார். வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. “நரம்பு பெரண்டிருக்கு. சாயந்தரம் வத்திராயிருப்பு வைத்தியர்ட்ட எண்ணெ போட்டு உருவிட்டா சரியாப் போகும்.”

தினமும் எங்களோடு வரும் நர்ஸ் செல்வி அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தார். “உருவவே கூடாது அண்ணாச்சி. ஒத்தக் கால் மட்டும் வீங்கிச் சுடுது. உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். உருவினா அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிரும், உசுருக்கே ஆபத்து. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“நாள் பூரா நின்னா கால் வீங்காம காதா வீங்கும்? டிக்கெட் எடுங்க.”

யாரும் கை நீட்டவில்லை. “ஆஸ்பத்திரில எறங்குதேன்னு சொல்லும், பொறவு எடுக்கோம்,” என்றார் கொதிப்புக்காரர். எல்லோருக்கும் டிக்கெட் போடாமல் அவர் விசில் ஊத மாட்டார். பஸ் நின்றது நின்றபடி.

“நீங்க கேட்டப்ப நான் எமையைக் காட்டினேன்ல அண்ணாச்சி? எனக்காக டாக்டர்ட்ட காலைக் காட்டுங்க,” என்றேன். டிக்கெட் போடாமலே விசில் ஊதினார். டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் போட்டார்.

ஸ்கேனில் ரத்தக்கட்டிதான். பிழைத்துக்கொண்டார். இப்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ் வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை. காலில் இறுக்கமான சாக்ஸ். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையில் ஒரே ஒரு சங்கடம். “இஷ்டத்துக்குக் கீரை திங்கக் கூடாதாம் தாயி. அளவாத்தான் திங்கணுமாம். நம்மகிட்டயே சொல்லுதாக.”

பஸ் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பார். அவர் கேட்காமலே இமையை இழுத்துக் காட்டுவேன்.

“செவப்பா இருக்கு. போங்க.”

அதைக் கேட்காத அன்றைக்கு எனக்கு வேலையே ஓடாது.