மூடுபனியில் ஒரு பெரட்டு

இந்த மலைநாட்டிலேயே காட்டு மிருகங்களுக்குப் பேர் கூப்பிட்ட ஒரே மனிதன் எங்கள் 'பெரட்டு'தான். அடித்துச் சொல்கிறேன். தோட்டத்தில் காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்தி, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. நேரத்துக்கு வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. பிந்தினால் அரைப்பேர். இவன் அந்தச் சட்டத்தைக் குரங்குக்கும் முள்ளம்பன்றிக்கும் கொண்டுபோனான்; பட்டப்பேரும் அப்படி வந்ததுதான்.

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இளைஞர் குழு ஒன்று வைத்திருந்தோம். காட்டுப்பன்றிக்கு யாரோ கட்டும் சுருக்குக் கம்பியில் சிறுத்தைகள் மாட்டிச் செத்துக்கொண்டிருந்தன. ஞாயிறுதோறும் ஓடைக்காட்டில் இறங்கிக் கம்பிகளை அவிழ்ப்பது எங்கள் வேலை. நாங்கள் முதுகு ஒடியக் குனிந்து தேடுவோம். பெரட்டு மட்டும் தேயிலை முடிகிற இடத்தில் விறைப்பாக நின்று கத்துவான்.

"கொரங்கு கேங்! இப்பத்தான் வாறீங்களா? எல்லாத்துக்கும் அரைப்பேருதான்! மீனாட்சி! வந்தாச்சா?"

மீனாட்சி என்பது குட்டியோடு திரிந்த சிறுத்தை. பல நாட்களில் பனிக்குள்ளிருந்து, மரம் அறுக்கிற வாளைப் போல ஒரு சத்தம் பதில் சொல்லும். அதைவிட மோசம் அவன் குரல். அது செத்துப் பல வருஷமான பழைய கண்டாக்கையாவின் குரல், அச்சு அசல். கேட்டால் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு ஓடிவிடுவார்கள்.

"ஏன்டா செத்த மனுசன் கொரல்ல கத்துற?" என்று கேட்டேன்.

"அவரு கூப்பிட்டு யாருடா வராம இருந்திருக்கா?" என்றான்.

ஒரு ஞாயிறு மீனாட்சி பதில் சொல்லவில்லை. அவன் மறுபடியும் கூப்பிட்டான். முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், அவ எங்கயோ மாட்டிக்கிட்டா."

கீழ்மலையில் கண்டுபிடித்தோம். இடுப்பில் கம்பி. உயிர் இருந்தது. பக்கத்துப் புதருக்குள் குட்டி முனகிக்கொண்டிருந்தது. வனஜீவி இலாகா மிருக டொக்டருக்குப் போன் போட்டோம். "நான் வர்ற வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க. துள்ளினா கம்பி அறுத்துடும்" என்றார்.

அதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் செய்தி பரவிவிட்டது. கம்பும் போனுமாகக் கூட்டம் திரண்டது. கல் பறந்தது. மீனாட்சி துள்ளினாள். கம்பி இன்னும் உள்ளே இறங்கியது. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு முனியாண்டி அண்ணன் முன்னால் வந்தார். "என் நாயத் தூக்குனது இதுதான்! வழி விடுங்கடா!" நாங்கள் கையை விரித்துக்கொண்டு கெஞ்சினோம். யார் கேட்டார்கள்? சமயம் பார்த்துப் பெரட்டையும் காணவில்லை.

பனி இறங்கிப் பக்கத்தில் நிற்பவர் முகமும் மறைந்தது. அப்போது மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"பெரட்டு! அங்க என்னா வேடிக்க? எல்லாம் ரோட்டுக்கு வா! முனியாண்டி!"

கத்தி தாழ்ந்தது. "வந்துட்டேங்கய்யா" என்று முதலில் ஓடியவர் முனியாண்டி அண்ணன்தான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நானும் போய் நின்றேன். குரல் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது. ஒவ்வொருவராக 'இருக்கேங்க' என்றார்கள்.

"செல்லாயி!"

செல்லாயி அக்கா அதே மலையில் மண்சரிவில் போய்ச் சேர்ந்தவர். ஆனாலும் பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கேங்கய்யா."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை கலைய ஒருவருக்கும் துணிவில்லை. டொக்டரின் ஜீப் வரும்வரை அப்படியே நின்றோம். அவர் ஊசி போட்டு, கம்பியை வெட்டி, காயத்துக்கு மருந்து வைத்தார். மயக்கம் தெளிந்து மீனாட்சி ஓடைக்குள் இறங்க, குட்டி பின்னாலேயே ஓடியது.

பெரட்டு தேயிலைக்குள்ளிருந்து தொண்டை கட்டி வந்தான். "செல்லாயி அக்கா பேர ஏன்டா கூப்பிட்ட?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிடவே இல்லயே" என்றான்.

புளுகுவதில் மன்னன்தான். ஆனால் அன்று வீடு திரும்ப, பெண்கள் வரிசை நின்ற ரோட்டை விட்டுச் சுற்றுவழியில் போனான்.

இப்போது அவன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறான். நாங்கள் இன்னும் ஞாயிறுதோறும் காட்டுக்குப் போகிறோம். இறங்குமுன் பேர் கூப்பிடுவோம். முதல் பேர் அவனுடையதுதான். அவன் வரமாட்டான் என்று தெரியும். ஆனாலும் அவனுக்கு முழுப்பேர் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம்.