அடைக்கு வைத்த பாக்கு

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை, தூங்கட்டும். அதே காட்டில் கன்னியப்பன் என்றொரு கரடி புறா வளர்த்துப் பிழைத்தான். நமக்கு வேண்டியது அவனுடைய கூண்டு.

அந்தக் காட்டுக்கு செல்போன் கோபுரம் வந்திருந்தது. யானை அதில் முதுகு சொறிந்ததில் சாய்ந்துவிட்டது. எல்லாரிடமும் போன் உண்டு, யாருக்கும் சிக்னல் இல்லை. ஆகவே சேதி அனுப்ப வீட்டுக்கொரு புறா வேண்டும் என்று மிருகங்கள் வரிசையில் நின்று கன்னியப்பனிடம் சொல்லிவைத்தன. அவனும் ஆலமரத்துப் பொந்துகளைச் சுற்றி வலையடித்து, ஜோடி ஜோடியாகப் புறா விட்டு, குஞ்சு எடுத்துக் கொடுத்தான்.

அந்தக் கூண்டில் தேசம்மா என்ற சாம்பல் பெட்டை இருந்தாள். அவள் புருஷன் பெயர் ஏகாம்பரம். தை முதல் ஆனி வரை அவள் முட்டையிடுவாள், அடைகாப்பாள், தொண்டைப் பாலை ஊட்டுவாள், குஞ்சு கூட்டை விட்டு இறங்கும் முன்பே அடுத்த முட்டையிடுவாள். இறக்கை தேய்ந்து பழைய விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் அருவிக்கரை மயிலிடம் தபால் வேலைக்குப் போன மூத்த மகள், அங்கேயே ஜோடி சேர்ந்து குஞ்சும் பொரித்துவிட்டாள். அந்தப் பேரனை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்க்க மலை தாண்ட வேண்டும், தாண்டப் புது இறகு வேண்டும்.

புது இறகு முளைக்கத்தான் ஓய்வுக்காலம். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, கன்னியப்பன் ஆண்களை ஒரு பக்கமும் பெட்டைகளை ஒரு பக்கமும் பிரித்து நடுவில் வலை கட்டுவான். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி எல்லாம் நின்றுபோகும். தை வரை கம்பும் கொஞ்சம் தினையும்தான். பயறு தின்றால் உடம்பு சூடேறி மறுபடி முட்டை கட்டும், பெட்டை ஓய்ந்துபோவாள் என்பது அவன் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் விலக்கு இல்லாத சட்டம் எந்தக் காட்டில் இருக்கிறது? முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் ஜோடியைப் பிரிக்கக் கூடாது, பயறையும் நிறுத்தக் கூடாது. சட்டம் யாருக்கும் நினைவில் இல்லை. விலக்கு மட்டும் கூண்டு முழுக்க மனப்பாடம்.

ஆடிக்கு முன்தினம் ஏகாம்பரம் அணிலிடம் போய் இரண்டு கொட்டைப்பாக்கு வாங்கினான். புறாக்கள் கொத்தித் தின்ன வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியில் அவற்றைப் புரட்டினான். பார்த்தால் முட்டையேதான்.

"இதும்மேல குந்திக்க, தேசு. பயறும் வரும், நானும் பக்கத்துலயே இருப்பேன்."

"பயறு வரும். இறகு வருமா?"

இறகை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று அவன் கேட்டான். பேரன் என்று சொன்னால் சிரிப்பான். அவள் பெட்டைகள் பக்கம் போய்விட்டாள். பாக்கை வீணாக்க மனமில்லாத ஏகாம்பரம், பக்கத்துப் பொந்தில் இருந்த பட்டு என்ற வெள்ளைப் பெட்டையோடு குடியேறினான். பட்டுவின் ஜோடியைப் போன மாதம்தான் பருந்து கொண்டுபோயிருந்தது. மறுநாள் வலை வழியே அவன் தேசம்மாவிடம் நியாயமும் பேசினான்.

"வெறும் பாக்குதானே. இதுல என்ன துரோகம்?"

தேசம்மாவுக்கு வயிறு எரிந்தது. கம்பைத் தின்று அணைத்துக்கொண்டாள்.

முட்டைகளைப் போன் டார்ச்சில் பார்ப்பது கன்னியப்பன் வழக்கம். அந்தப் போன் வேறு எதற்கும் உதவவில்லை. இளம் முட்டையில் வெளிச்சம் ஊடுருவும், குஞ்சு முற்ற முற்ற உள்ளே இருட்டும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் வினையாகப் போயிற்று. பாக்குக்குள் ஒரு பொட்டு வெளிச்சமும் போகவில்லை.

"நல்லா முத்தின குஞ்சு" என்று சொல்லி, பட்டு ஜோடிக்குக் கடலையை இரட்டிப்பாக்கினான்.

அந்த வாரமே பாக்குமரம் மொட்டையானது. பயறு வரிசை கூண்டைச் சுற்றி வளைந்தது. கம்பு வரிசையில் தேசம்மா மட்டும் நின்றாள், தள்ளுமுள்ளு இல்லை என்பதே அவளுக்கு லாபம். ஆவணி போனது, ஐப்பசி போனது. கன்னியப்பன் பாக்கில் காது வைத்துக் கேட்பான். சத்தமே இல்லை, அடக்கமான குஞ்சு என்று மெச்சுவான். மார்கழியில் பொறுமை இழந்து, பனியில் எல்லாக் குஞ்சும் உள்ளேயே போய்விட்டன என்று முடிவு கட்டினான். பெற்றவர்களுக்கு ஆறுதலாக நாலு நாள் நிலக்கடலை போட்டான்.

தை பிறந்தது, வழி பிறக்கவில்லை. பயறு தின்ற பெட்டைகளுக்கு அடிவயிறெல்லாம் கொழுப்பு, முட்டை கட்டவில்லை. ஆண்கள் தானியத் தட்டு வரை நடந்துவிட்டு உட்கார்ந்துகொண்டன. தேசம்மாவோ வலை திறந்ததும் மலையைப் பார்த்து இறக்கையை விரித்தாள். ஒவ்வொரு இறகும் புத்தம்புதிது. அதைக் கன்னியப்பன் பார்த்துவிட்டான்.

"காட்டுக்கே நீ ஒருத்திதாம்மா இருக்க" என்று உருகி, அவள் பறந்துவிடாமல் இறக்கையை நூலால் கட்டினான்.

ஏகாம்பரத்தைத் தூக்கி வந்து அவளோடு விட்டான். தொப்பையோடு அவன் ஏறி இறங்குவதற்குள் இரண்டு முறை விழுந்தான், எப்படியோ காரியம் ஆனது. அவள் இட்ட முட்டைகளைக் கன்னியப்பன் எடுத்துப் பட்டுவுக்கும் மற்றவர்களுக்கும் அடைக்கு வைத்தான். அரை வருஷம் உட்கார்ந்த அனுபவம் அவர்களுக்குத்தானே இருக்கிறது. அவள் மறுபடி இட்டாள், மறுபடி எடுத்தான். சிங்கத்துக்குப் புறா போயிற்று, நரிக்குப் போயிற்று. பட்டுவுக்குச் சிறந்த தாய் என்று பட்டம் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே வாங்கினாள்.

தேசம்மா ஆடிக்காகக் காத்திருந்தாள். ஆடியும் வந்தது. மற்றவர்கள் பாக்கோடு உட்கார்ந்தார்கள். தெம்பாக இருக்கிறவளுக்கு எதற்கு ஓய்வு என்று கன்னியப்பன் அவளுக்கு மட்டும் பயறைக் கொட்டிவிட்டுப் போனான். கம்பு கேட்டு அவள் கத்தியதை நன்றி என்று எடுத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு உடைந்தது.

உடைந்த நெஞ்சோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது. அடைக்காரிகள் யாருக்கும் இறக்கையில் நூல் இல்லை. கட்டிய இறக்கை முட்டையை மூடாது, அடைக்காரி எங்கும் போகவும் மாட்டாள் என்று கன்னியப்பன் கட்டியிருந்தாலும் அவிழ்த்துவிடுவான்.

தேசம்மா நடந்தே அணிலிடம் போனாள்.

"பெருசா ரெண்டு பாக்கு குடு."

மறுநாள் கன்னியப்பன் டார்ச் அடித்தான். முற்றின குஞ்சு, இனிக் கை மாற்றக் கூடாது. மிகுந்த மரியாதையோடு நூலை அவிழ்த்தான்.

அவன் தலை மறைந்ததும் தேசம்மா எழுந்தாள். பயறு வாசனைக்கு அசைந்தாடி வந்த ஏகாம்பரத்தைப் பிடித்துப் பாக்கின்மேல் உட்காரவைத்தாள். எங்கே போகிறாய் என்று அவன் பதறினான்.

"நீ குந்து. வெறும் பாக்குதானே."

அவள் மலையைத் தாண்டி அருவிக்கரையில் இறங்கி, இதற்குள் வளர்ந்துவிட்ட பேரனின் அலகைத் தன் வாய்க்குள் வாங்கி ஊட்டிய நேரத்தில், கன்னியப்பன் பாக்கில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நீதி: உடம்பைப் பேணினால் ஊரார் வேலை தேடி வரும், பாக்கைப் பேணினால் பயறும் வரும், கட்டும் அவிழும்.