இன்டர்நெட்டை ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தவர்

உலகத்திலேயே இன்டர்நெட்டை ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரே மனிதர் எங்கள் ஸ்பாட் சார்தான். மற்றவர்களெல்லாம் ஃபோனில் வந்ததைப் படிப்போம். சிலர் நம்புவோம், சிலர் சிரிப்போம், கடைசியில் எல்லோருமே அடுத்தவர் தலையில் தள்ளிவிடுவோம். ஸ்பாட் சார் மட்டும் ஹெல்மெட்டை எடுப்பார்.

மந்தைவெளியில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறார். விபத்தில் அடிபட்ட வண்டிகளை நேரில் போய்ப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது அவர் தொழில். 'முன்பக்கம் நசுங்கியுள்ளது. ஓட்டியவர் கூறும் மாடு அந்த வட்டாரத்தில் இல்லை' என்கிற ரீதியில் எழுதுவார். அதே பாணியை எங்கள் பில்டிங் வாட்ஸப் குரூப்புக்கும் கொண்டுவந்துவிட்டார். "ஸ்பாட் பார்த்தேன்" என்றுதான் ஒவ்வொரு பதிவும் ஆரம்பிக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியே, யாராவது கேட்டால், "ஸ்பாட் வெளிய போயிருக்காரு" என்பார்.

ஒருமுறை குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. தி.நகரில் ஒரு கடையில் மிக்ஸி வாங்கினால் ஸ்மார்ட் ஃபோன் இலவசமாம். போட்டவர் எங்கள் செக்ரட்டரி மாமா. நல்ல மனிதர். தனக்கு வரும் எதையும் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர். பத்து வீட்டுப் பெண்மணிகள் பழைய மிக்ஸியை வெறுப்போடு பார்க்க ஆரம்பித்த நேரத்தில் ஸ்பாட் சார் ரங்கநாதன் தெருவிலிருந்து பதிவு போட்டார். 'ஸ்பாட் பார்த்தேன். கடை உண்டு. மிக்ஸி உண்டு. ஃபோனை அழுத்தினால் பாட்டு வருகிறது, பச்சை லைட் எரிகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றது.'

இன்னொரு நாள் பாண்டி பஜாரில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செயற்கை நுண்ணறிவு உள்ள வாஷிங் மெஷின் வந்திருக்கிறதாம்.

"எங்கப்பா கீது அந்த அறிவு? காட்டு" என்றார் சேல்ஸ்மேனிடம்.

"அது உள்ள இருக்கு சார். துணியப் பாத்து தானாப் புரிஞ்சுக்கும்."

"சரி. வெள்ள வேட்டியையும் சாயம் போற செவப்புப் பொடவையையும் ஒண்ணாப் போட்டா என்ன சொல்லும்?"

சேல்ஸ்மேன் யோசித்தார். "ஒண்ணும் சொல்லாது சார். துவைச்சிரும்."

"நானும் வீட்ல அதத்தான் பண்ணேன். எனக்கு அறிவு இல்லன்னாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காரணம் இருக்கிறது. என் தொழில் விளம்பரம் எழுதுவது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றுக்கு நான் எழுதிய 'மலைச்சாரலின் தூய்மை, உங்கள் சமையலறையில்' ஊரெங்கும் பேனராகத் தொங்கியபோது, ஸ்பாட் சார் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"எந்த மல சார்?"

"அது... சும்மா பொதுவா ஒரு மலை சார்."

"எழுதறதுக்கு முன்னாடி போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

முன்பக்கம் நசுங்கிய காரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

அவருடைய மகத்தான ஸ்பாட் என்றால் அது பாட்டு மிஸ் காலமான விஷயம்தான். மாட வீதிப் பக்கம் இருக்கும் பாட்டு டீச்சர் அவர். மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு சரளிவரிசை சொல்லிக்கொடுத்தவர். ஒரு காலை அவர் படமும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கண்ணீர் அஞ்சலி வந்தது. குரூப் முழுக்கக் கைகூப்பு பொம்மைகள். ஸ்பாட் சார் வண்டியை எடுத்தார். வாசல் மணியை அடித்தால், கதவைத் திறந்தது பாட்டு மிஸ்.

"வாங்கோ. என்ன விஷயம்?"

ஸ்பாட் சாருக்குப் பொய் சொல்ல வராது. "நீங்க இருக்கீங்களான்னு பாக்க வந்தேன் மிஸ்."

"இருக்கேன். உள்ள வாங்கோ. காபி குடிக்கறேளா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பயப்படவில்லை. ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அஞ்சலிகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். அதற்குள் செக்ரட்டரி மாமா ஆளுயர ரோஜா மாலையோடு படியேறி வந்து வாசலிலேயே உறைந்துபோனார்.

"வாங்கோ செக்ரட்டரி. மாலை பிரமாதமா இருக்கு" என்றார் மிஸ். "ஆனா குரூப்ல எனக்கு ஒரு வரி எழுதப்படாதா? வெறும் பொம்மைதானா? உங்காத்துப் பொண்ணு கல்யாணத்துல ரெண்டு மணி நேரம் பாடினேனே."

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருப்போம், ஷரீஃப் பாய் விஷயம் வராமல் இருந்திருந்தால்.

எங்கள் தெருவில் மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்தில் ஷரீஃப் பாயின் மொபைல் ரிப்பேர் கடை. ஒரு கண்ணாடி மேஜை, ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. தெருவில் யார் ஃபோன் விழுந்தாலும் அங்கேதான் போகும். திடீரென்று குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஒரு பெண் குரல், பதறிக்கொண்டு. 'எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க. நம்ம ஏரியாலயே ஒரு மொபைல் கடை. ஸ்க்ரீன் மாத்தக் குடுத்தா உள்ள இருக்கற போட்டோவெல்லாம் எடுத்துடறாங்களாம். பேங்க்கையே தொடச்சிடறாங்களாம்.' கீழே எழுத்தில் ஒரு வரி: மந்தைவெளி, மெடிக்கல் ஷாப் பக்கத்துக் கடை.

மறுநாளிலிருந்து அந்த ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. தெரு மொத்தமும் அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டது. ஒரு வாரம் கழித்து நானும் ஸ்பாட் சாரும் போனபோது பாய் விளக்கைக்கூடப் போட்டிருக்கவில்லை.

"நான் இன்னா சார் பண்ணேன்?" என்றார். "பாஸ்வேர்டு கேட்டாக்கூட அவங்களையேதான் போடச் சொல்வேன். ரிச்சி தெருவுல மச்சான் கடை கீது. இங்க மூடிட்டு அங்க வந்துருன்றான். மாசம் முடியட்டும்னு பாக்கறேன்."

ஸ்பாட் சார் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். அதுவரை அவர் பொருளைத்தான் தேடிப் போவார். இந்த முறை ஃபார்வர்டு வந்த வழியே திரும்பி நடப்பது என்று முடிவு செய்துவிட்டார். பின் சீட்டில் நான்.

செக்ரட்டரி மாமாவுக்கு அனுப்பியவர் பார்க்கில் கூட வாக்கிங் போகும் நண்பர். அவர், "மந்தைவெளிப் பக்கமா இருக்கும்னு நான்தான் ஒரு கெஸ் அடிச்சேன்" என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். அவருக்கு அனுப்பியவர் அடையாறில் இருக்கும் சம்பந்தி அம்மாள். பஜ்ஜி போட்டுக் கொடுத்து, கொட்டிவாக்கத்தில் இருக்கும் யோகா கிளாஸ் தோழியைக் கைகாட்டினார். கொட்டிவாக்கத்தில் மணியடித்ததும் கதவைத் திறந்த அம்மாள், "யாரு வேணும்?" என்றார். அதே குரல். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மெசேஜைப் போட்டுக் காட்டினோம். அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, இது நான் புனேல பையன் வீட்ல இருந்தப்ப யோகா கிளாஸ் குரூப்புக்கு அனுப்பினதாச்சே! நம்ம ஏரியான்னு நான் சொன்னது அவன் ஏரியாவ. அந்தக் கடையக்கூட நான் பாத்ததில்ல. லிஃப்ட்ல ஒருத்தி சொன்னா."

"லிஃப்ட்ல யாரும்மா?" என்றார் ஸ்பாட் சார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். புனேவுக்கு எந்த ரயில் என்று யோசிக்கிற முகம். அவசரமாக அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அந்த அம்மாள் நல்லவர். கண்ணீரோடு அங்கேயே புது மெசேஜ் ஒன்று பேசிக் கொடுத்தார். அது என் குரல்தான், அது இந்த ஊரே இல்லை, தயவுசெய்து யாரையும் சந்தேகப்படாதீர்கள் என்று. வந்த வழியே திரும்பினோம். ஸ்பாட் சார் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கண்ணெதிரில் அதை எல்லோருக்கும் அனுப்ப வைத்துவிட்டுத்தான் எழுந்தார். கடைசியில் செக்ரட்டரி மாமா வீடு. மெடிக்கல் ஷாப் வரியைச் சேர்த்தது யார் என்பது அப்போது தெரிந்துவிட்டது. மந்தைவெளியில் தனக்குத் தெரிந்த ஒரே மொபைல் கடை அதுதான் என்பதால், ஜனங்களுக்கு உபயோகமாக இருக்கட்டுமே என்று மாமாவே எழுதியிருக்கிறார்.

ஸ்பாட் சார் திட்டவில்லை. கையைப் பிடித்து நேராகக் கடைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தார். மாமா கண்ணாடி மேஜையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"பாய், அது வந்து... ஆட்டோ கரெக்ட்ல விழுந்துடுத்து."

ஒரு வரி முழுக்கவா? பாய் மேஜையை ஒருமுறை துடைத்தார். "பரவால்ல சார். டீ சொல்லட்டா?"

மறுப்பு மெசேஜ் என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஒருவரும் மேலே அனுப்பவில்லை. கடை காலியாகவே கிடந்தது. ஸ்பாட் சாரை அப்படி ஓய்ந்துபோய் நான் பார்த்ததே இல்லை.

"உண்மையில ஒரு ருசி இல்ல சார், அதான் எவனும் தள்ள மாட்றான்" என்றார். "நீங்க மலைக்கே எழுதனவரு. இதுக்கு ஒண்ணு எழுதுங்க. ஆனா பாத்துட்டு எழுதணும்."

ஒரு நாள் முழுக்க அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு தாத்தா தெரியாத்தனமாக உள்ளே வந்தார். ஃபோனில் சத்தமே வரவில்லை என்றார். பாய் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றால் ஸ்பீக்கர் ஓட்டையைத் தட்டினார். சத்தம் வந்தது. காசு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அதை மட்டும் அப்படியே எழுதினேன். பதினைந்து வருஷ விளம்பர வாழ்க்கையில் 'புதிய' என்ற சொல் இல்லாமல் நான் எழுதிய முதல் பத்தி அது.

செக்ரட்டரி மாமா பிராயச்சித்தமாக அதைத் தன் அத்தனை குரூப்புக்கும் அனுப்பினார். அனுப்பியவர், தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்காமல் சும்மா அனுப்பியிருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை எங்கள் தெருவில் போக்குவரத்து நின்றுபோனது. பாய் கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை முதியவர்கள். கையில் ஃபோன், சிலர் கையில் ரேடியோ, ஒருவர் கையில் மிக்ஸி. என் பத்தி ஊரைச் சுற்றிவிட்டு என் ஃபோனுக்கே திரும்பி வந்திருந்தது. 'மந்தைவெளியில் மனித தெய்வம்! மூத்த குடிமக்களுக்கு எல்லா ரிப்பேரும் வாழ்நாள் முழுக்க இலவசம்!'

பாய் விழிபிதுங்கி நின்றார். "இன்னா சார் இது?"

ஸ்பாட் சார் வரிசையின் தலைப்பக்கம் போய் நின்று தொண்டையைச் செருமினார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று பாய்க்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சார், ஒரே ஒரு நாள் வுட்ருங்க சார். இவ்ளோ ஜனம் வந்து எவ்ளோ நாளாச்சு."

"பாய், இன்னிக்கு ஃப்ரீன்னு நம்பி வந்தவன் நாளைக்கு காசு கேட்டா உங்களத் திருடன்னுவான். மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

பாய் கையை விட்டார். ஸ்பாட் சார் உரக்கச் சொன்னார்: "ஐயா, அம்மா, கேளுங்க. ஃப்ரீ கெடையாது. எவனோ கத கட்டி வுட்டுக்கீறான். நியாயமான காசு வாங்குவாரு. ஒழுங்காப் பண்ணுவாரு. நான் பாத்துக்கீறேன்."

வரிசையில் முணுமுணுப்பு. பாதிக்கு மேல் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள். மிக்ஸிக்காரர் முதல் ஆளாகப் போனார். மீதிப் பேர், வந்தது வந்தோம் என்று நின்றார்கள். பாய் விளக்கைப் போட்டார். அன்று சாயங்காலம் வரை அந்த ஸ்டூல் காலியாகவே இல்லை. ரிச்சி தெருப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இன்றும் சிலர் அந்தக் கடையைத் தாண்டும்போது ஃபோனைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். அது முழுதாகப் போகாதுபோல.

இப்போதெல்லாம் எனக்கு ஒரு புதுப் பொருளுக்கு எழுதும் வேலை வந்தால், ஸ்பாட் சாரே வந்து கதவைத் தட்டுகிறார். போன வாரம் தரமணியில் ஒரு ஆபீஸ். முதுகுவலி வராமல் எப்படி உட்கார வேண்டும் என்று பேசிச் சொல்லிக்கொடுக்கும் நாற்காலியாம். அங்கே போக ரயில் இருக்கிறது, கூப்பிட்டால் கார் வருகிறது. நான் அவர் பின்னால்தான் உட்கார்ந்து போனேன். நாற்காலி வாய் திறக்கவில்லை. அவர் முதுகைக் காட்டிக் காட்டிப் பார்த்தும் பயனில்லை.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

"சார், பெசன்ட் நகர் பீச் பக்கமாப் போலாமா?" என்றேன்.

"அங்க இன்னா பாக்கணும்?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மா, இன்னும் கொஞ்ச தூரம்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.