நம்பிக்கைக்குரிய நபராக மாப்பிள்ளையை நியமித்தது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியம் என்று நேற்று போனிலேயே தெரிந்துகொண்டுவிட்டேன். ஆனாலும் கடிதத்துக்கு உரிய மரியாதைக்காக இன்னொரு முறை விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். நேற்றுப் பேசியாகிவிட்டது, இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் அத்தையும் அதையேதான் கேட்டாள். "ரெண்டு வார்த்தை போன்ல சொன்னா முடிஞ்சுது. இதுக்குப் போய் பேனாவைத் தேடிக்கிட்டு!" என்றாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முக்கியமான விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "சரிங்க மாமா" என்று சொல்லிவிடுவீர்கள். எதற்குச் சரி என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

விஷயம் எங்கள் மாடி வீட்டு மருந்துக்கடைக்காரரில் ஆரம்பிக்கிறது. பாவம், போன மாதம் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்துவிட்டார். மனுஷன் கடை லைசென்ஸ், வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி போனில் வைத்திருந்தார். படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பையைத் தட்டி, "எல்லாம் இதுக்குள்ள இருக்கு சார்" என்பார். இருந்தது. அதற்குள்ளேயே இருந்துவிட்டது. துக்கம் விசாரிக்கப் போனால், வீட்டில் அத்தனை பேரும் அந்தப் போனைச் சுற்றி நிற்கிறார்கள். அவர் பிறந்த தேதி, அந்த அம்மாவின் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, பிள்ளைகளின் தேதி, எதற்கும் அது திறக்கவில்லை. "எங்க யாரோட தேதியும் இல்லையே, அப்புறம் யாரோடதுங்க வெச்சிருப்பாரு?" என்று அந்த அம்மா என்னைக் கேட்கிறாள். காபியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கீழே வந்ததும் உங்கள் அத்தையைக் கேட்டேன். "நம்ம காகிதமெல்லாம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" "பீரோல." "பீரோ சாவி?" "உங்ககிட்ட." "நான் இல்லேன்னா?" காய் நறுக்குவதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பூட்டை உடைப்பேன்" என்றாள். பதில் சரியானதுதான், குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் நான் போன பிறகு இவள் ஒரு காகிதத்துக்காக ஒவ்வொரு கவுன்ட்டராக நிற்கக் கூடாது, மாப்பிள்ளை. அவ்வளவுதான் என் கவலை. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

உடனே வேலையில் இறங்கினோம். ஜன்னல் பக்கம் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்து, உங்கள் அத்தை தன் போனில் ஸ்கேன் எடுத்தாள். காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. "விரலை எடுங்க." எடுத்தால் காகிதம் சுருண்டுகொள்ளும். பிடித்தால் விரல் விழும். கடைசியில் எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழில் மூன்றாவது சாட்சி மாதிரி என் கட்டைவிரல் இருக்கிறது. "இருக்கட்டும் விடுங்க, அதுவும் ஒரு அத்தாட்சிதான்" என்றுவிட்டாள்.

அடுத்தது, இதையெல்லாம் எந்தக் கம்பெனியில் சேமித்து வைப்பது? இணையத்தில் இதற்கென்றே ஏகப்பட்ட கடை திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். பெண்ணுக்கு வரன் பார்த்ததைவிட அதிகமாக விசாரித்தேன் என்றால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கிடங்கு எங்கே இருக்கிறது, கூரை ஒழுகுமா, எலி உண்டா, சாவி யாரிடம், அவர் லீவு போட்டால் யாரிடம் என்று ஒரு கம்பெனிக்கு விவரமாக மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்களும் சிரிக்காமல் பதில் போட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். நம் காகிதம் ஒரே நேரத்தில் மூன்று ஊரில் இருக்குமாம்! ஒரு ஊரே மூழ்கினாலும் மற்ற ஊரில் இருக்குமாம்! நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் பதிவேட்டு அறையில் ஒரு காகிதம் ஒரு ஊரில் முழுசாக இருந்தாலே அதிசயம். இது மனுஷ மூளைதானா என்று அசந்துபோய் உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் அசரவில்லை. "மூணு ஊர்ல இருந்து என்ன, எனக்கு எடுத்துக் குடுப்பானா? அதைக் கேட்டீங்களா?" என்றாள்.

அதை நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் தேர்வு உங்கள் அத்தை கைக்குப் போய்விட்டது. அதே ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து காலம் தள்ளியவள் அவள், குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டாள். ஒரே கேள்வி. "தம்பி, என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டா எங்க காகிதம் என்ன ஆகும்?" நான் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன், மாப்பிள்ளை. டீயைக் குடித்துக்கொண்டு. ஒருத்தன், "எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு மகிழ்ச்சி மேடம்" என்றான். வைத்துவிட்டாள். இன்னொரு இடத்தில் பாட்டுப் போட்டு விட்டார்கள். அது முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. "செத்தவங்களைப் பத்திக் கேட்டா கொட்டு மேளம் அடிக்கிறான் பாருங்க" என்று அதையும் வைத்துவிட்டாள். இன்னொருத்தன், இடம் முழுக்க இலவசம், எதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள் என்றான். "சும்மா குடுக்கிறவன் நம்ம பெட்டியைக் குடைஞ்சு பார்க்காம இருப்பானா?" என்று அவனும் போனான்.

கடைசியாக ஒரு பெண் எடுத்தாள். கேள்வியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்புறம், "அம்மா, நாங்க பேச வேண்டியதை எழுதிக் குடுத்திருக்காங்க, இது அதுல இல்ல" என்றாள். "ஆனா நான் சொல்றேன். எங்க அப்பா போனப்ப நாங்களும் இப்படித்தான் திண்டாடினோம். எங்க கணக்குல 'நம்பிக்கைக்குரிய நபர்'னு ஒரு இடம் இருக்கு. யாரும் அதை நிரப்புறதில்ல. நீங்க முதல்ல அதை நிரப்புங்க, அப்புறம் காகிதத்தை ஏத்துங்க. வீட்டுக்காரர் ரொம்ப நாள் கணக்கைத் தொடலேன்னா, நீங்க அதுல எழுதின ஆளுக்குச் சாவி போயிடும். அவங்க உங்களுக்கு எடுத்துக் குடுப்பாங்க." உங்கள் அத்தை போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம், "இவதான்" என்றாள். கம்பெனி பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான் ஒரு வாரம் அட்டவணை போட்டு ஒப்பிட்டதை அவள் ஒரு மூச்சில் முடித்தாள். இந்த மனுஷியோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இன்னமும் எனக்கு இவளைப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது? முறைப்படி என் மகன் இருக்கிறான், உங்கள் மைத்துனர். தங்கமான பிள்ளை. உங்கள் அத்தையே சொல்லிவிட்டாள்: "அவன் நல்லவன்தான். ஆனா கதவைத் திறந்து போட்டுட்டு பூட்டை மட்டும் பத்திரமா வெச்சிருப்பான்." அவன் போன் நம்பர் மாறும் வேகத்துக்குக் கம்பெனிக்காரன் ஓட முடியாது. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். இரண்டு வாயிலும் வந்தது உங்கள் பெயர்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், "சரிங்க மாமா" என்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறவர் நீங்கள். போன தடவை வந்தபோது எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறியதும் மாடி பட்டனை அழுத்தாமல், உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தீர்கள். நாங்கள் தினமும் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போகிறோம், ஒருத்தரும் படித்ததில்லை. "மாமா, சோதனை பண்ற தேதி தாண்டிப்போச்சு. படியில போயிடலாம்" என்று பேத்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் மாடி வரை ஏறினீர்கள். மறுநாளே கட்டடச் சங்கத்தைப் பிடித்து ஆளை வரவழைத்தீர்கள். அப்புறம் என் மகளின் பிரசவத்தின்போது நீங்கள் கையில் வைத்திருந்த அந்த ஃபைல்! ரத்தப் பரிசோதனை தனி, ஸ்கேன் தனி, எல்லாம் தேதி வரிசையில். டாக்டர் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டினீர்கள். என் உத்தியோகம் முழுக்க அப்படி ஒரு ஃபைலை நான் பார்த்ததில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் கண் கலங்கினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதற்கு, பாதி அந்த ஃபைலுக்கு.

ஆகவே உங்கள் பெயரைப் போட்டாகிவிட்டது. இன்று காலை கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். அதில் நானே என் வார்த்தையில் ஒரு வரி எழுதலாம் என்று இடம் விட்டிருந்தார்கள், எழுதியிருக்கிறேன். கீழே இரண்டு பட்டன் இருக்கும். "இவரை எனக்குத் தெரியும், சம்மதம்" என்பது ஒன்று. "இவரை எனக்குத் தெரியாது" என்பது இன்னொன்று. முதலாவதை அழுத்தவும். அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு போன் பண்ணிவிடச் சொல்லி உங்கள் அத்தை நச்சரித்தாள். விளக்கக் கடிதம் பின்னால் வரும், முறைப்படி அதுதான் சரி என்று நான்தான் மறுத்துவிட்டேன். நீங்கள் அழுத்திவிட்டால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். அவசரமில்லை. மூடுவதைச் சொன்னேன்.

என் மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்களுக்கும் ஆசீர்வாதம்தான், ஆனால் இன்றைக்குக் கூடவே ஒரு வணக்கமும் சேர்த்துக்கொள்ளவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. உங்கள் அத்தை எடுத்தாள். நீங்கள்தான். "அத்தை, மாமா பேர்ல எவனோ திருட்டு மெயில் அனுப்பியிருக்கான். நான் 'தெரியாது'ன்னு அழுத்தி, கம்பெனிக்குப் புகாரும் குடுத்துட்டேன், பயப்படாதீங்க" என்றீர்களாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "'என் மகனைவிட உங்களைத்தான் நம்புகிறேன்'னு எழுதியிருந்தது அத்தை. மாமா வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வருமா? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றீர்களாம். அவள் "லெட்டர் வரும், படிங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கணக்கைப் பூட்டிவிட்டார்கள். திறப்பதற்கு அடையாள அட்டையைப் புதிதாக ஸ்கேன் எடுத்து அனுப்ப வேண்டுமாம். மறுபடியும் மேஜையை இழுக்க என்னால் முடியாது. கம்பெனியும் வேண்டாம், மூன்று ஊரும் வேண்டாம். அசல் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்களே அங்கே வருகிறோம். உங்கள் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வையுங்கள். அந்த வரி திருட்டு இல்லை, மாப்பிள்ளை. காலை முழுக்க உட்கார்ந்து, அடித்து அடித்து, நான் எழுதியது. வந்து நேரில் ஒருமுறை சொல்கிறேன். கதவைத் திறந்ததும் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள்.