எலுமிச்சை சொன்ன மைலேஜ்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எதிரே நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய கார் கடையில் மட்டும் யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லை. அங்கேதான் மைலேஜ் சாமி இருக்கிறாரே!

ஊத்தங்கரை, ஓசூர், ஏன், பெங்களூரிலிருந்தெல்லாம் கூட்டம். சாமி பானட்டுக்கு மேலே நூலில் கட்டிய எலுமிச்சையைப் பிடிப்பார். அது சுற்றினால் லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். நின்றால் தரித்திரம். பொங்கலிலிருந்து விலை போகாத காரின் மேல் கிறுகிறுவென்று சுற்றும். கடைக்காரர் நாராயணப்பன் மேல் அந்த எலுமிச்சைக்கு அப்படி ஒரு பாசம்.

பிரேம்குமாருக்கும் அவன் மனைவி காவியாவுக்கும் ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஞாயிறுதோறும் ஏரி ஏரியாகப் போய் கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். வரும்படியை மினி லாரி வாடகையே தின்றுவிடுகிறது. இரண்டு கயாக்கைத் தலையில் சுமந்து, பெட்ரோலையும் அளவாகக் குடிக்கிற சின்னக் கார் கிடைக்காவிட்டால் படகுகளை விற்றுவிட வேண்டியதுதான். கார் பார்க்க வந்த அன்றும் படகுகளோடு மினி லாரியில்தான் வந்திருந்தார்கள்.

மூலையில் நின்ற காரின் மேல் எலுமிச்சை அசையவில்லை. துருப்பிடித்த கார் ஒன்றின் மேல் சுற்றியது.

"இதையே எடுத்துடலாம் காவியா. சாமியே சொல்லிட்டாரு."

"கூரையே ஆடுது. படகைச் சாமி தூக்கிட்டு வருவாராங்க?"

"அப்படிச் சொல்லாத. சாமி கண்ணைக் குத்தும்."

காவியா வாதாடவில்லை. மினி லாரிக்காரர் உதவியோடு கடைக்குப் பின்னால் இரண்டு கயாக்கையும் இறக்கி, டிரம்களின் மேல் வைத்து, கார் கவரைப் போட்டு மூடினாள்.

"சாமி, நாங்க கொண்டாந்தது ஒண்ணு பின்னால நிக்குது. கவரோட பாத்துச் சொல்லுங்க. எலுமிச்சைக்குத் தெரியாததா?"

கூட்டமும் பின்னாலேயே போனது. கடைக்குச் சொந்தமில்லாத வண்டி என்றதும் எலுமிச்சை அசையவே இல்லை.

"குடிகார வண்டிம்மா. லிட்டருக்கு எட்டு தாண்டாது. முன் டயர் ரெண்டும் போச்சு. இதைத் தலையைச் சுத்தி எறிஞ்சிட்டு அந்தக் காரை எடு."

காவியா கவரை உருவினாள். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இரண்டு கயாக்குகள் வெயிலில் பளபளத்தன.

பேரிகை விவசாயி ஒருவர் குனிந்து சுற்றிலும் தேடினார். "முன் டயர் எங்க சாமி?"

கூட்டம் சிரித்தது. "எலுமிச்சை நேத்து வாங்கினது" என்றார் சாமி. நாராயணப்பனுக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது.

"அந்தக் காரு, மூலைக் காரு ரெண்டுலயும் டேங்க்கை ரொப்பி, படகை மேல கட்டி, சூளகிரி வரைக்கும் போய் வந்து திரும்ப ரொப்பிப் பாப்போம். எவ்ளோ பிடிக்குதோ அதுலயே மைலேஜ் தெரிஞ்சிடும்" என்றாள் காவியா.

பார்த்தார்கள். சாமி புகழ்ந்த கார்தான் குடிகாரன். எலுமிச்சை அசையாமல் நின்று ஒதுக்கிய மூலைக் கார் பாதிகூடக் குடிக்கவில்லை, கூரையும் ஆடவில்லை. அதையே எடுத்தார்கள்.

பிரேம்குமார் தலை நிமிராமல் படகுக் கயிற்றை இறுக்கினான். சாமி விட்டுவிட்டுப் போன எலுமிச்சையைக் காவியா தண்ணீரில் பிழிந்து அவனுக்கும் பாதி கொடுத்தாள். யார் கண்ணையும் எதுவும் குத்தவில்லை.

மைலேஜ் தேடும் மகாஜனங்களே, எலுமிச்சையைச் சுற்ற விடுவதற்கு முன்னால் மூளையை ஒரு சுற்றுச் சுற்ற விடுங்கள். அதற்குப் பெட்ரோலும் வேண்டாம்.