வெயிலில் காயவைத்த பேட்டரி கட்டைகள்

எங்கள் குடும்பத்தில் பவர் பேங்கைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. எங்காவது பயணம் போகும்போது என் செல்போனில் சார்ஜ் இறங்கிவிட்டால், அக்கா மகள் ஆயிஷாதான் தன் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுப்பாள். ஒயரை அவளே மாட்டி, சார்ஜ் ஏறியதும் அவளே கழற்றி உள்ளே வைத்து ஜிப்பைப் போட்டுவிடுவாள். நான் கையை நீட்டினால், "வேண்டாம் மாமா, நீங்க வெயில்ல காயப் போட்டுருவீங்க" என்பாள். முப்பது வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை மோட்டாரையும் என்னை நம்பி விட்டார்கள். அக்கா வீட்டில் மட்டும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை நம்பித் தரமாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அது என்ன நியாயம் என்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் மூன்று மாதம் வேலை கற்றிருந்தேன். (கற்றிருந்தேன் என்றால், சால்டரிங் அயன் சூடாகிவிட்டதா என்று விரலை வைத்துப் பார்க்கிற அளவுக்கு.) இருந்தாலும் தெருவில் நடக்கும்போது சட்டைப் பையில் ஒரு டெஸ்டரைச் சொருகிக்கொண்டுதான் நடப்பேன்.

டார்ச் லைட்டில் போடுகிற பெரிய பேட்டரியை எங்கள் பக்கம் கட்டை என்போம். அது தீர்ந்துபோனால் யாரும் உடனே தூக்கிப்போட மாட்டார்கள். மாடியிலோ ஓட்டின் மேலோ ரெண்டு நாள் வெயிலில் காயவைத்தால் அதற்கு மறுபடி கொஞ்சம் உயிர் வரும். உண்மையிலேயே வரும். அந்தக் கொஞ்சம் எம்புட்டு என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

என் அக்கா ஜமீலாவுக்குக் கல்யாணமாகி நாற்பது நாளில் மச்சான் துபாய்க்குப் போய்விட்டார், அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கட்டடக் கம்பெனியில் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம். அது முடியப் போகும் நேரத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, போடவா, ஊருக்கு வந்துவிடவா, ஜமீலாவின் விருப்பம் தெரியாமல் நான் எதுவும் செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தார்.

அக்காவுக்கு எழுதப் படிக்க வராது. எங்கள் வீட்டில் கடிதம் படிப்பதும் எழுதுவதும் என் வேலை. "சொல்லுக்கா, எழுதுதேன்" என்று பேனாவோடு உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், "நலம்னு எழுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தம்பிக்காரனிடம் சொல்லி எழுதவைக்கிற விஷயமா அது? அந்த வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்தது. "டேப்புல பேசி அனுப்பட்டும்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிக்கந்தர் அண்ணன் என்று ஒருவர். மச்சான் தங்கியிருந்த அதே ரூம்காரர். லீவில் வந்திருந்தவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் துபாய்க்குக் கிளம்புகிறார், அஸர் தொழுகை நேரத்துக்குள் கேசட் வந்தால் கொண்டுபோகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் இல்லை. ஆடிக் காற்றில் முந்தைய நாளே மரம் சாய்ந்து லைன் அறுந்திருந்தது. லைன்மேனிடம் கேட்டதற்கு, "நாளைக்கு வந்தாலும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் கல்யாணத்தின்போது வாங்கிக் கொடுத்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் வீட்டில் இருந்தது. அதில் ஆறு கட்டை போடலாம். ஆனால் பழைய கட்டைகளை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டு, அவை ஒழுகி, உள்ளிருந்த கம்பியெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. (விட்டது யார் என்று கேட்காதீர்கள்.) அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் நான் ஒரு மாதமாக ஒரு கண்டுபிடிப்பில் இறங்கியிருந்தேன். தெருவெல்லாம் கேட்டு வாங்கிய பன்னிரண்டு பழைய கட்டைகள். அவற்றை ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்து, பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி முனைகளில் கொடுத்து, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி, ஒரு ஷூ பெட்டிக்குள் அடக்கி, வெளியே ஒயர் விட்டு, தோளில் மாட்ட வாரும் வைத்திருந்தேன். எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அம்மா மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பன்னிரண்டையும் ஒரு வாரம் காயவைத்தேன். "மொளகாயத் தள்ளிட்டு இரும்பக் காயப் போடுதான் பாரு" என்று அம்மா என் அப்பாவிடம், எங்கள் வழக்கில் அத்தாவிடம், புகார் சொன்னாள்.

அத்தா நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏலே சித்திக், கடையில போயி புதுக் கட்ட ஆறு வாங்கிட்டு வந்து, வெளக்கி மாட்டிப் பாரேன்."

"எதுக்குத்தா? இது பன்னெண்டு கட்ட. புதுசு ஆறவிட இதுக்குப் பவர் ரெண்டு மடங்கு" என்றேன்.

அத்தா அரிசிக் கடை வைத்திருந்தவர். ஆறைவிடப் பன்னிரண்டு பெரிது என்கிற கணக்கை அவரால் மறுக்க முடியவில்லை.

பெட்டி வேலை செய்தது. அதுதான் வினையே. ஒயரை மாட்டியதும் பாட்டு கணீரென்று வந்தது. ஊரெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் பாட்டு. பக்கத்து வீடுகளிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டினேன், மூடிக் காட்டினேன், தோளில் மாட்டிக் காட்டினேன். ஜும்ஆவுக்குக் கிளம்பும் வரை பாட்டு ஓடியது. ஒரு வார வெயிலில் சேர்ந்த உயிரில் பெரும்பங்கை நான் வாசலில் நின்று பெருமையடித்தே தீர்த்துவிட்டேன் என்பது அப்போது தெரியாது.

தொழுகை முடிந்து வந்து பதிவை ஆரம்பித்தோம். முதலில் நான்தான் பேசினேன். "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், இது நானே செஞ்ச பேட்டரிப் பெட்டியில பதியிறது" என்று தொடங்கி, பெட்டியின் அமைப்பை விளக்கினேன். அத்தா என் தோளைத் தட்டி நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். "மாப்ள, ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும். கையெழுத்துப் போட்டுருங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அம்மா ஊரில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் விடாமல் சொன்னாள். பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் அக்கா.

"ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும்க்கா. சிவப்பு லைட்டு மங்குதான்னு பாத்துக்கிட்டே..."

"நீயும்தான். போ."

கதவைச் சாத்திக்கொண்டாள். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்கா அரை மணி நேரம் கழித்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "பதிஞ்சிருக்குமாடா?" என்று கேட்டாள். கடைசியில் கொஞ்சம் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். மூக்குறிஞ்சும் சத்தமும், "சரி, வச்சிருதேன்" என்பதும் அவள் குரலிலேயே கேட்டன. "பக்கா" என்றேன்.

இங்கேதான் என் மூன்று மாதப் படிப்பு காலை வாரியது. பேட்டரி வீக்கானால் டேப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததை அதே வீக் பேட்டரியில் போட்டுக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. நல்ல கரண்டில் போட்டால் குரல் தலைதெறிக்க ஓடும். இதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கேசட்டை சிக்கந்தர் அண்ணனிடம் கொடுத்தேன். பால்கோவாப் பொட்டலங்களுக்கு நடுவில் பத்திரமாக வைத்தார். பெட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் காட்டினேன்.

ஒன்றரை மாதம் கழித்து மச்சானின் கடிதம் வந்தது. வழக்கம்போல நான் படிக்க, அத்தா நாற்காலியில், அம்மா தரையில், அக்கா அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கம்.

"மாமா பேசியது மிகத் தெளிவாகக் கேட்டது" என்று படித்தேன். அத்தா தலையாட்டினார். "மாமி பேசியது கடைசியில் சற்று வேகமாக இருந்தது." அடுத்த வரியைக் கண்ணால் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"என்னலே, நிப்பாட்டிட்ட? படி."

படித்தேன். "ஜமீலா பேசியது அணில் கத்துவதுபோல் இருக்கிறது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ரூமில் எட்டுப் பேரும் சேர்ந்து முயற்சி செய்தோம். ஒருவர் டேப்பைப் பென்சிலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். வீக்கான பேட்டரி போட்டுக் கேட்டால் சரியாகிவிடும் என்று சிக்கந்தர் சொன்னார். கடைகளில் விசாரித்தோம். இந்த ஊரில் புதுப் பேட்டரிதான் கிடைக்கிறது. சித்திக் தன் பெட்டியைப் பற்றிப் பேசியது மட்டும் நன்றாக விளங்கியது. மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டும். ஜமீலா என்ன சொன்னாள் என்று உடனே எழுதவும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

நான் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். "அக்கா, என்ன சொன்னன்னு செத்த சொல்லு. எழுதி இன்னைக்கே போட்டுருதேன்."

"அதெல்லாம் ஒரு தடவதான் சொல்ல முடியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். டூ-இன்-ஒன்னைப் பிரித்துப் பச்சையைச் சுரண்டி, புதுக் கட்டை ஆறு போட்டு, பக்கத்தில் ஒரு வெற்றுக் கேசட்டையும் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் அதன் மேல் மடித்த துணி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஆயுசில் ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டதை நான் கெடுத்துவிட்டேன். துபாய்க்குப் போய்ச் சேர்ந்த தெளிவான சேதி ஒன்றே ஒன்றுதான், அது அத்தா சொன்ன 'கையெழுத்துப் போட்டுருங்க'. மாதக் கடைசியும் தாண்டிப் போயிற்று. ஷூ பெட்டியை யாருக்கும் தெரியாமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியான வேளையில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. மச்சான் இறங்கினார். கையில் ஒரு பெட்டிதான். துபாயிலிருந்து வருகிறவர் ஒரு பெட்டியோடு வந்ததைப் பார்த்து அத்தா பயந்துவிட்டார்.

"என்ன மாப்ள, சொல்லாம கொள்ளாம? கையெழுத்துப் போடலயா?"

"அவ என்ன சொன்னான்னு வெளங்கல மாமா. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நான் மறுபடி வெளியே நின்றேன். உள்ளே அக்கா பேசுவது லேசாகக் கேட்டது. சரியான வேகத்தில்தான் பேசினாள். மச்சான் திரும்பிப் போகவேயில்லை. அத்தாவின் கடையிலேயே உட்கார்ந்தார். அடுத்த வருஷம் ஆயிஷா பிறந்தாள். அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் முதலில் பேசினாள். "பிள்ளையப் பிடி. கரண்டு பெட்டி கிட்டக்க கொண்டு போயிராத" என்றாள்.

அந்தக் கேசட் இன்னும் அக்காவின் பீரோவில் இருக்கிறது. மச்சான் அந்த ஒற்றைப் பெட்டியில் துபாயிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. போன பெருநாளைக்கு எல்லோரும் கூடியிருந்தபோது ஆயிஷா அதை எடுத்து வந்தாள். "மாமா, கம்ப்யூட்டர்ல போட்டு வேகத்தக் கொறச்சா எல்லாம் சுத்தமாக் கேக்கும். பத்து நிமிச வேல" என்றாள். அக்கா எழுந்து வந்து கேசட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சொல்ல வேண்டியவருகிட்ட சொல்லியாச்சு. ஒங்களுக்கு எதுக்கு?"

நான் மச்சானிடம் நாற்பது வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஒண்ணுமே வெளங்கலன்னா எப்படி மச்சான் வேலய விட்டுட்டு வந்தீங்க? அத்தா சொன்னதுதான் தெளிவாக் கேட்டுச்சே."

மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "பேசுனது வெளங்கலப்பா. அழுதது வெளங்குச்சு. ரூம்ல எல்லாரும் சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரல."

அக்கா கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, எனக்கு இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தாள். சாப்பிட்டு முடித்து செல்போனைப் பார்த்தேன். சார்ஜ் இல்லை. ஆயிஷாவிடம் கையை நீட்டினேன்.

கொஞ்சம் யோசித்து, "இந்தாங்க மாமா" என்று பவர் பேங்கை எடுத்தாள். நீட்டவும் செய்தாள். நான் வாங்குவதற்குள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே நல்ல வெயில்.