கண்டமேனி உடைத்த மெஷின்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொருள்களைச் செய்யச் சம்பளம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உடைக்கச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கண்டமேனிதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தொழிற்சாலைகளுக்கான கம்ப்யூட்டர் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பட்டாபிராமில் ரயில் ஏறினால், அம்பத்தூர் வருவதற்குள் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கிப் பெட்டி மாறுவார். ஒருநாள் அண்ணனூரில் மாறுவதற்குள் ரயில் போயே விட்டது. வேர்க்க விறுவிறுக்க ஆபீஸ் வந்தவர், "எந்தப் பெட்டி எப்டி ஆடுதுன்னு பாக்க வாணாவா மாமே?" என்று என்னைக் கேட்டார்.

வேலையிலும் அப்படித்தான்; விற்பதற்கு முன் மெஷின் தாங்குமா என்று சோதிப்பதுதான் அவர் வேலை. மனிதர்கள் கீபோர்டில் ஒழுங்காகத் தட்டுவார்கள் என்பதை அவர் நம்பியதே இல்லை. அர்த்தமில்லாத எழுத்துகளை ஓயாமல் கொட்டும் புரோகிராம் ஒன்றை எழுதி மெஷின்மேல் ஏவிவிடுவார். "கண்டமேனிக்குத் தட்டட்டும், இன்னா ஆவுதுன்னு பாப்போம்" என்பார். பெயர் வந்த கதை அதுதான்.

ஒரு வார்ப்பட ஆலையின் உலைச் சூட்டைக் கண்காணிக்கும் மெஷின் சனிக்கிழமை போகவேண்டும். வியாழக்கிழமை காலை, கண்டமேனி கொட்டிய எழுத்துக் குப்பையைத் தின்றுகொண்டிருந்த அது அப்படியே உறைந்துவிட்டது. புரோகிராம் விழுந்தால் மறுபடி கிளப்பிவிடலாம். விழுந்தது கெர்னல், எல்லாப் புரோகிராம்களையும் கட்டி மேய்க்கும் அடிப்பகுதி. அது படுத்தால் எல்லாமே படுத்த மாதிரி.

"எதைத் தட்டும்போது விழுந்தது?" என்றார் மேனேஜர்.

கண்டமேனி தலையைச் சொறிந்தார். கொட்டிய குப்பைக்கு நகல் வைத்திருந்தார்தான். ஆனால் வைத்தது அதே மெஷினில். டிஸ்க்கில் பதிவதற்குள் மெஷின் போய்விட்டதால், எங்களுக்கு வேண்டிய கடைசித் துண்டும் கூடவே போய்விட்டது.

"மறுபடி விழவெச்சுக் காட்டுய்யா. இல்லேன்னா சனிக்கிழமை லாரி ஏத்திடுவேன். எவன் இப்படியெல்லாம் தட்டப்போறான்?"

"உலையாண்ட ஆளு நிப்பான் சார். சூடு ஏறிகினே கீது, ஸ்கிரீன்ல பழைய நம்பரே நிக்குதுன்னா அவன் கதி இன்னா?"

பக்கத்து மெஷினுக்குக் கேபிள் இழுத்து, நகலை அங்கே சேர்த்துக்கொண்டு, குப்பையை மறுபடி ஏவினார். மெஷின் ஜம்மென்று ஓடியது. ஊரில் எல்லோரும் தாங்கள் செய்த மெஷின் விழக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். இவர் விழவேண்டும் என்று தவியாய்த் தவித்தார். டீ கிளாஸோடு நடந்தார், டீ இல்லாமலும் நடந்தார். மற்றவர்களின் நாற்காலிகளையெல்லாம் நகர்த்திப் போட்டார். "உழ மாட்டேங்குது மச்சான்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டடமே அதிர ஒரு கூச்சல்: "உழுந்துச்சு! உழுந்துச்சு!" யாரோ மயங்கி விழுந்ததாக நினைத்துப் பியூன் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். கண்டமேனி அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

குப்பையைப் பாதியாக வெட்டினார். எந்தப் பாதி மெஷினைக் கவிழ்த்ததோ அதை வைத்துக்கொண்டு மறுபடி பாதியாக வெட்டினார். மெஷின் உயிர்த்தெழும் ஒவ்வொரு தடவையும் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சாயங்காலம் விஷயம் பிடிபட்டது. ஸ்கிரீனில் தட்டும் வரி நிரம்பி வழியும்போது அழிக்கும் கீயைத் தட்டினால், கெர்னல் கணக்குத் தப்பி மெமரியில் தன் சொந்த இடத்தையே அழித்துக்கொண்டது. உடனே சரிசெய்தோம்.

மறுநாள் மெஷினை ஆலைக்குக் கொண்டுபோய் வைத்து ஓடவிட்டோம். உலைக்காரர் வந்தார், சாப்பாட்டுக் கேரியரைக் கீபோர்டின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வரி நிரம்பி மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. திரும்பி வந்தவர், "இன்னாபா இது, கத்திகினே கீது!" என்று கேரியரை எடுத்துவிட்டு, ஸ்கிரீனில் கிடந்ததை அழிக்க அதே கீயை அழுத்தினார்.

மேனேஜர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ஸ்கிரீனில் உலைச் சூட்டின் எண்கள் தம்பாட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தன. மேனேஜர் என் கையை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கண்டமேனி அதற்குள் உலைக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அண்ணாத்தே, இதும்மேல வேற இன்னா இன்னா வெப்பே? கூச்சப்படாம சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரவேண்டியவர்கள் வர நேரமானால் நான் அவரைப்போல நடந்து நடந்து தவித்திருக்கிறேன். அவர், அப்போது முகம்கூடத் தெரியாத ஓர் உலைக்காரருக்காகத் தவித்தார். அதனாலேயே எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.